ஏழாம் நம்பர் லென்ஸ்

பல் வலி என்றால் ஊரே நம் வாய்க்குள் எட்டிப் பார்க்கும். கால் வீங்கினால் லுங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களிடமெல்லாம் காட்டலாம். மூலம் என்றால்கூடக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லிவிடலாம், கேட்பவருக்கும் அது இருக்கும். ஆனால் உடம்பில் ஒரே ஒரு இடம் இருக்கிறது. அங்கே எது வந்தாலும் மனிதன் தனக்குத் தானே டாக்டர், தனக்குத் தானே நர்ஸ், தனக்குத் தானே பிணவறை ஊழியன். நான் பதினோரு நாள் இந்த மூன்று வேலையையும் சம்பளமில்லாமல் பார்த்தேன். போதாததற்கு அந்தப் பதினோரு நாளில் கம்பெனிப் பொருள் ஒன்றையும் திருடினேன். இரண்டையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆரம்பாக்கத்தில் வீடு. அம்மாவும் நானும்தான். வேலை தேர்வாய் கண்டிகையில், ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில். குழாய், மோட்டார், லாரி என்று எங்கெல்லாம் ஒழுகக் கூடாதோ அங்கெல்லாம் எங்கள் வளையம் உட்கார்ந்திருக்கும். நான் குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டர். (இதை அம்மா ஊரில் சொன்ன விதத்தில், ஒருவர் காணாமல் போன தன் எருமையைப் பற்றி என்னிடம் புகார் கொடுக்க வந்துவிட்டார்.)

இன்ஸ்பெக்டர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, வளையத்தின் விளிம்பில் பொரிப்பொரியாக ஏதாவது எழும்பியிருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு சின்ன லென்ஸ் கொடுப்பார்கள். கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஷிஃப்டுக்கு வாய்த்தது ஏழாம் நம்பர். மணல் அளவு மேடு தெரிந்தாலும் வளையம் சிவப்புக் கூடைக்குப் போய்விடும். ஆறு வருடம் இதையே செய்த கண்ணுக்கு, இட்லியைப் பார்த்தாலும் சிவப்புக் கூடைதான் ஞாபகம் வரும்.

ஸ்டெல்லாவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் காட்டுப்பள்ளி துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கன்டெய்னர் காகிதங்களைச் சரிபார்ப்பவள். ஒரு கட்டத்தில் கையெழுத்து இல்லையென்றால் இருபது டன் சரக்கை வெயிலில் நிறுத்திவைக்கத் தயங்காதவள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளிடம் கொஞ்சம் பயமும் இருந்தது. இரண்டும் இன்றுவரை குறையவில்லை.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு சடங்கு உண்டு. முதலில் ஜோடிகளை உட்கார வைத்து நடத்தும் திருமணத் தயாரிப்பு வகுப்பு. அடுத்தது ஓலை வாசிப்பது. தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் எழுந்து, இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு நிமிடம் நிறுத்துவார். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தடை உள்ளவனுக்குத்தான் தெரியும்.

வகுப்பு ஒரு சனிக்கிழமை நடந்தது. ஒரு டாக்டர் வந்து உடல்நலம் பற்றிப் பேசினார். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது, உடம்பில் சந்தேகமாக எதைப் பார்த்தாலும் வெட்கப்படாமல் காட்டுங்கள் என்றார். ஸ்டெல்லா நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோது, இருபத்தெட்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு இன்ஸ்பெக்டராக என்னைக் குனிந்து பார்த்தேன்.

விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் பொரிகள். வெறும் கண்ணுக்கே தெரிந்தன. சோப்பு நுரையோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே புனே ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியிருந்தது. அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம். அவளுக்கும் விருப்பம், எனக்கும் விருப்பம். இரண்டு முறை. ஆணுறை வாங்கக் கடைக்குப் போனவன், கல்லாவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த வெட்கத்துக்கு வட்டி இப்போது வந்திருக்கிறது என்று தோன்றியது.

மறுநாள் முதல் ஓலை. ஃபாதர் வாசித்துவிட்டு நிறுத்தினார். எனக்கு என் கால்களே எழுந்து நின்று "தடை இருக்கிறது ஃபாதர்" என்று சொல்லிவிடுமோ என்று பயமாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லா அமைதியாக உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு நோயைச் சீதனமாகக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே வலித்தது. (உடனே நெஞ்சு வலிக்கு என்ன காரணம் என்று போனில் தேடினேன். அதிலும் நல்லதாக ஒன்றும் வரவில்லை.)

போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எந்தப் பொரியைப் பற்றிக் கேட்டாலும் மூன்றாவது படத்துக்குள் சாவு வந்துவிடும். நான் மூன்றாவது படத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பதுவரை போனேன். நாற்பதும் எனக்கு இருப்பது போலவே தோன்றியது. அதில் ஒன்று நாயின் காது என்று பிறகுதான் கவனித்தேன்.

அன்று சாயங்காலமே கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கடைக்குப் போய், நண்பனுக்கு ஒரு இடத்தில் தோலில் ஏதோ இருக்கிறது என்றேன். எந்த இடம் என்றார் கடைக்காரர். தொடைக்குக் கொஞ்சம் மேலே என்றேன். இடுப்பா என்றார். கொஞ்சம் கீழே என்றேன். அவர் இதைப்போல நூறு நண்பர்களைப் பார்த்தவர்போல ஒரு களிம்பை எடுத்து நீட்டினார். படர்தாமரைக்குப் போடும் களிம்பு. நண்பனிடம் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். களிம்பை எடுத்துக்கொண்டேன், அறிவுரையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். இரண்டு வேளை தடவியதில் பொரிகள் அசையவில்லை, சுற்றியிருந்த தோல்தான் சிவந்து எரிந்தது. நோய் பரவுகிறது என்று முடிவு செய்தேன்.

இந்தக் கட்டத்தில் புத்தியுள்ளவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். நான் தினம் ஆய்வு செய்வது என்று தீர்மானித்தேன். ஏழாம் நம்பர் லென்ஸைச் சாப்பாட்டு டப்பாவில் பொரியல் இருந்த அடுக்கில் வைத்து, மூடி, ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டினேன். வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்தாரே ஒழிய டப்பாவைத் திறக்கவில்லை. மத்தியானம் குளியலறை ஜன்னலில் நல்ல வெயில் விழும். அங்கே லென்ஸை அருகே பிடித்துக்கொண்டு, முதுகு ஒடியக் குனிந்து பார்த்தேன். பத்து மடங்கில் அது என் உடம்பாகவே தெரியவில்லை. இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது.

எண்ணினேன். இருபத்திரண்டு. செவ்வாய்க்கிழமை எண்ணினேன், இருபத்தாறு. அன்று சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை பத்தொன்பது. குணமாகிறது என்று மகிழ்ந்து அம்மாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை இருபத்தேழு. அப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. வட்டமான பொருளில் எதை எண்ணினாலும் எங்கே ஆரம்பித்தோம் என்பது தெரியாமல் போகும். அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. எண்ணும் முன் மார்க்கர் பேனாவால் விளிம்பில் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். அதற்கு ஸ்டார்ட்டிங் மார்க் என்று பெயர்.

வைத்தேன். நீல மார்க்கர். தண்ணீரில் அழியாத ரகம். (எரிந்தது. அதை எழுதாமல் விடலாம், ஆனால் ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.) அன்றிலிருந்து எண்ணிக்கை இருபத்துநான்கில் நின்றது. கம்பெனித் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து, புள்ளி வைத்து, தேதிவாரியாக எண், நிறம், அரிப்பு இல்லை, வலி இல்லை என்று எழுதி, மடித்து, வீட்டில் லென்ஸை வைக்கும் சின்னத் துணிப் பையிலேயே வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் லென்ஸ் மட்டும் கம்பெனிக்குத் திரும்பிவிடும். என் ஷிஃப்ட் சூப்பர்வைசர் கோதண்டம் அதைக் கண்ணில் வைத்து வளையம் பார்ப்பார். அவருக்கு முப்பத்து மூன்று வயது. தும்மல் வந்தாலே மாஸ்க் போட்டுக்கொள்கிறவர்.

வெள்ளிக்கிழமை லென்ஸைத் திருப்பி வைத்தவன் சனிக்கிழமை மறுபடி கொண்டுவந்தேன். ஞாயிறு லீவு, தைரியமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் கெட்டது.

அன்று இரண்டாம் ஓலை. பூசையில் ஃபாதர் அறிவிப்புத் தாளை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். அங்கியைத் தடவினார். கண்ணாடி இல்லை. முன் வரிசையிலிருந்து அம்மா எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தாள். ஃபாதர் அதைக் கண்ணில் வைத்துத் தாளை மூக்குவரை கொண்டுபோனார். அதன் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது. ஏழு.

என் கல்யாண ஓலையை, என்னைப் பார்த்த அதே லென்ஸால் வாசித்தார். வாசித்துவிட்டுத் தடை ஏதாவது உண்டா என்று சபையைப் பார்த்து நிறுத்தினார், லென்ஸ் இன்னும் கண்ணில் இருந்தது. எனக்கு அவர் என்னை மட்டும், பத்து மடங்காகப் பார்ப்பதுபோலவே இருந்தது. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து ஓடினேன். குளியலறை ஜன்னலில் கிடந்ததாம், அம்மா எடுத்துப் பார்த்தாளாம், ஜெபப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் குண்டு குண்டாகத் தெரிந்ததாம்.

"எனக்குக் கண்ணு தெரியலன்னுதானே கொண்டாந்த? சொல்லக்கூடாதாடா?" என்றாள். கண்ணில் தண்ணீர்.

ஆமாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? ஃபாதரோ, ஞானஸ்நான ரிஜிஸ்டர் எழுத வேண்டியிருக்கிறது, கண்ணாடி வரும்வரை ஒருநாள் இருக்கட்டும் என்று அதைப் பையோடு வாங்கி வைத்துக்கொண்டார். பையில் என் தாள் இருந்தது. நாளைக் காலை கம்பெனியில் லென்ஸ் இருக்க வேண்டும். நான் ஃபாதருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் ஏழாம் நம்பர் காணவில்லை. அந்த வாரம் வாடிக்கையாளர் ஆடிட் வேறு. கருவி ஒன்று காணாமல் போனால் அது வளையப் பெட்டிக்குள் விழுந்திருக்கலாம் என்று அர்த்தம், கண்டுபிடிக்கும்வரை ஒரு பெட்டியும் வெளியே போகாது. லைனை நிறுத்திவிட்டார்கள். சிவப்புக் கூடைகளைக் கொட்டினார்கள். எல்லோருடைய லாக்கரையும் திறந்தார்கள். நானும் மேசைக்கடியில் தவழ்ந்து மும்முரமாகத் தேடினேன். கடைசியில் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் பையைத் தரையில் கவிழ்க்கப் போனார்கள். அவள் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "அது எங்கிட்ட இருக்குதுண்ணா" என்றேன் கோதண்டத்திடம்.

அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார். அம்மாவுக்குப் படிக்க எடுத்துப் போனேன், இப்போது ஃபாதரிடம் இருக்கிறது என்றேன். மேலிடத்துக்குப் போனால் உன் வேலை போய்விடும், வா, ஒரு மணி நேரத்தில் எடுத்து வந்துவிடலாம் என்று தன் பைக்கில் ஏற்றிக்கொண்டார். நல்ல மனிதர். வழியெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் காலத்தில் குறைவு என்று பாராட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பாராட்டுக்கும் நான் சீட்டில் ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்தேன்.

ஃபாதர் லென்ஸை நன்றியோடு கொடுத்தார். பைக்குள் ஏதோ கம்பெனிக் கணக்கு இருந்தது, நான் பிரிக்கவில்லை என்றார். வெளியே வந்ததும் கோதண்டம் பிரித்தார்.

வட்டத்தைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இது எந்த பார்ட்டுடா பென்னி? இந்த சைஸு நம்ம கிட்ட ஓடலியே" என்றார்.

கோவில் வளாகத்தில் மாதா சிலை இருக்கும் குகைபோன்ற கெபிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பொய் சொல்ல எனக்குச் சத்து இல்லை. சொல்லிவிட்டேன். புனே, பொரி, களிம்பு, எல்லாம். அவர் என் தோளைத் தட்டுவார், ஆறுதல் சொல்வார் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத் தன் வலது கண்ணைத் தொட்டார்.

"ஒரு வாரமா இத்த கண்ணுல வெச்சிக்கினு இருந்தனேடா," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கண்ணுல வருமாடா?"

அது எங்கேயும் படவில்லை அண்ணா, தள்ளிப் பிடித்துத்தான் பார்த்தேன் என்று மாதா மீது சத்தியம் செய்தேன். கோதண்டம் கேட்கவில்லை. கோவில் குழாயைத் திறந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கண்ணைக் கழுவினார். பிறகு போனை எடுத்துத் தேடினார். மூன்றாவது படத்துக்குள் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பத்து நாள் தனியாகச் சுமந்ததை இன்னொருவன் முகத்தில் பார்ப்பது, சொன்னால் வெட்கம், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"நாளைக்கு ரெண்டு பேரும் லீவு. டாக்டராண்ட போறோம். நீ வரலன்னா இந்த பேப்பர ஆடிட்ல வெச்சிருவேன்," என்றார்.

எனக்கு மருந்து இதுதான் போலிருக்கிறது. வகுப்பு டாக்டர் சொல்லியும், கடைக்காரர் சொல்லியும் போகாதவன், கோதண்டத்தின் கண்ணுக்காகப் போனேன்.

தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூருக்கே போனோம். அரசு மருத்துவமனை. சீட்டு வாங்கும் வரிசையில் நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தலையில் அடியா, தையல் பிரிவுக்குப் போங்க என்றார் சீட்டு கொடுப்பவர். கழற்றிவிட்டுத் தோல் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தோல் என்று மறுபடி சொன்னேன், வரிசை முழுவதும் கேட்டது.

உள்ளே டாக்டர் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். யாருக்கு என்றார். கோதண்டம் என்னைக் காட்டினார், நான் அவரைக் காட்டினேன். முதலில் கோதண்டத்தின் கண்ணைப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை, சோப்புப் போட்டால் சிவக்கத்தான் செய்யும், வெளியே உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

திரைக்குப் பின்னால் என்னைப் பார்த்தது அரை நிமிடம்கூட இருக்காது. எவ்வளவு நாளாக என்று கேட்டார். பதினோரு நாளாக என்றேன்.

"பதினோரு நாளா இருக்கா, பதினோரு நாளா பாக்கறீங்களா?" என்றார்.

அவரே சொன்னார். இப்படி விளிம்பில் வரிசையாக, ஒரே அளவில், வலியும் அரிப்பும் இல்லாமல் இருப்பது நோயே இல்லை. நிறைய ஆண்களுக்கு வயசுப் பருவத்திலிருந்தே இருக்கும். யாரிடமிருந்தும் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது, மருந்தும் வேண்டாம். சிவப்பும் எரிச்சலும் அந்தக் களிம்பின் வேலை, அதைக் குப்பையில் போடுங்கள். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"இது என்ன, நீலமா ஒண்ணு? இதத்தான் நான் பாத்ததில்ல."

என் உயிர் பாதி போய்விட்டது. பிறகுதான் புரிந்தது. "அது ஸ்டார்ட்டிங் மார்க் டாக்டர்," என்றேன்.

விதியை முழுவதும் விளக்க வேண்டியதாயிற்று. வட்டமான பொருள், ஆரம்பப் புள்ளி, எண்ணிக்கைத் தவறு, எல்லாம். அவர் கையுறையைக் கழற்றினார். திரைக்கு அந்தப் பக்கம் போனார். சிரித்தார். சத்தமாக, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் ஓடிவந்து என்னம்மா என்று கேட்க, ஒன்றுமில்லை போ என்றார். நான் திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பொரி இருக்கட்டும், பாதுகாப்பு இல்லாமல் யாருடனாவது இருந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு வருடம் முன்பு என்றேன். அப்போது டெஸ்ட் எடுத்தீர்களா என்றார். அப்போது ஒன்றும் தெரியவில்லையே டாக்டர் என்றேன்.

"தெரியாமலேதான் இருக்கும். இந்தப் பொரி வரலைன்னா நீங்க வந்தே இருக்க மாட்டீங்க. டெஸ்ட் எடுக்க வேண்டியது பொரிக்காக இல்ல, புனேக்காக," என்றார்.

அதுவரை நான் பயந்ததெல்லாம் விளையாட்டு. நிஜமான பயம் அங்கேதான் ஆரம்பித்தது. பதினோரு நாள் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணி எண்ணிப் பார்த்தவன், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியதை இரண்டு வருடம் நினைத்தே பார்க்கவில்லை.

நம்பிக்கை மையம் என்று பலகை போட்ட அறைக்கு அனுப்பினார்கள். ஆலோசகர் ஒரு நிதானமான மனிதர். எச்.ஐ.வி, சிஃபிலிஸ் இரண்டுக்கும் பார்ப்போம், விவரம் வெளியே போகாது என்றார். சமீபத்தில் நடந்தது என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்களாம், எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இன்றைய முடிவே போதும் என்றார். புண், நீர்க்கசிவு, வலி, புதிதாக வளரும் கட்டி என்று ஏதாவது வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே வாருங்கள் என்றும் சொன்னார். (எண்ணிக்கொண்டிருக்காமல் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னதாக எனக்குத் தோன்றியது. டாக்டர் அதற்குள் போன் செய்துவிட்டாரோ என்று சந்தேகம்.)

ரத்தம் எடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம். பக்கத்தில் கோதண்டம் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டெல்லாவின் நோட்டை நினைத்துக்கொண்டேன். வகுப்பில் அவள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் அவள் காதுக் கம்மலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும் என்று அந்த பெஞ்சில் முடிவு செய்தேன். முடிவு செய்ததும் இன்னும் பயமாகிவிட்டது.

இரண்டும் இல்லை. காகிதத்தை வாங்கி மூன்று முறை படித்தேன். வராந்தாவில் அழுதேன். கோதண்டம் என்னைக் கட்டிப்பிடித்து, "அப்போ என் கண்ணும் ஓகேதானே நைனா?" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஸ்டெல்லாவைச் சந்தித்தேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். நீலப் புள்ளி வந்த இடத்தில் மட்டும் முகத்தைத் தண்டவாளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாகச் சொல்லி முடித்தேன்.

"ரிப்போர்ட் எங்க?" என்றாள்.

கொடுத்தேன். பெயர், தேதி, முத்திரை, கையெழுத்து என்று விரல் வைத்துப் பார்த்தாள். வயசு இருபத்தொன்பது என்று போட்டிருக்கிறதே என்றாள். அடுத்த மாதம் ஆகிவிடும் என்றேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"புனே விஷயத்த நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"யோசிச்சிருப்பேன். இப்பவும் யோசிக்கிறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்குதுல்ல?" சொல்லிவிட்டு வந்த ரயிலில் ஏறிப் போய்விட்டாள்.

சனிக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கம்பெனியில் நல்ல வளையம் நாற்பதைச் சிவப்புக் கூடையில் போட்டேன்.

மூன்றாம் ஓலை. ஃபாதருக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. கணீரென்று வாசித்தார். தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் என்று நிறுத்தினார். அந்த நிமிடத்தில் கோவில் முழுவதிலும் தடை அறிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். பெண்கள் பக்கம் பார்த்தேன். ஸ்டெல்லா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காட்டை மெதுவாக விலக்கினாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை மடக்கி, விரல்களைக் குழலாக்கி, வலது கண்ணில் வைத்து, சபைக்கு நடுவே என்னை லென்ஸில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பூசை முடிந்து மாதா கெபி பக்கத்தில் ஒரு கவரைக் கையில் திணித்தாள். திறந்து பார்த்தேன். அவளுடைய பெயர், அவளுடைய வயசு, சனிக்கிழமை தேதி. அதே இரண்டு டெஸ்ட். இரண்டும் இல்லை.

எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு பக்கத்து பேப்பர மட்டும் பாத்து நாங்க கன்டெய்னர உடறதில்ல," என்றாள்.

நான் பத்து மடங்காகப் பார்த்ததெல்லாம் என்னை மட்டும்தான் என்று அன்று வெட்கமாக இருந்தது. அவளுக்கும் ஒரு உடம்பு, ஒரு பயம், ஒரு பெஞ்சு, ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. தனியாகவே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. கல்யாண வரவேற்பில் கோதண்டம் மேடையேறி ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். பிரித்தால் புத்தம் புதிய லென்ஸ். நான் வியர்த்து நிற்க, அம்மா அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். தனக்குத்தான் வந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்றும் அதில்தான் ஜெபப் புத்தகம் படிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் லென்ஸைக் காட்டி, எனக்குக் கண் தெரியவில்லை என்று என் பிள்ளை வேலை போனாலும் பரவாயில்லை என்று கம்பெனியிலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தான், ஃபாதரே அதில்தான் ஓலை வாசித்தார் என்று சொல்வாள். தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லியிருக்கிறாள், பலர் கண் கலங்கினார்களாம்.

அந்தக் கதை ஆரம்பித்தால் ஸ்டெல்லா அடுப்படிக்கு எழுந்துபோய்விடுவாள். அங்கிருந்து பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். நான் உட்கார்ந்த இடத்தில் எதையாவது பெரிதாக்கிக் கவலைப்பட ஆரம்பித்தால் போதும், பையனுக்குத் தடுப்பூசி போட்ட இடம் வீங்குகிறது, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று எதுவாக இருந்தாலும் சரி, உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஸ்டார்ட்டிங் மார்க் வெச்சியா?"

அம்மா ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே திரும்பி, "அது இன்னாடி மார்க்கு, எப்பப் பாரு அதையே சொல்லிக்கினு?" என்று கேட்பாள்.

"அது கம்பெனி விஷயம் அத்தை. நீங்க படிங்க," என்பாள் ஸ்டெல்லா.